கட்டாருக்குப் போன முகம்

தாழ்வுபாட்டில் மாக்கிறட் அக்காவின் செத்தவீட்டுக்கு நான் போனது அழுவதற்கு அல்ல, படம் பிடிக்க. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருப்பவன். கலியாணவீடும் செத்தவீடும் எனக்கு ஒரே கமரா, ஒரே வயர்.

அக்காவின் ஒரே மகன் றெனால்ட் கட்டாரில் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறான். லீவு கிடைக்கவில்லை. அங்கே வாட்ஸ்அப் வீடியோ கோல் எடுபடாது என்பதால் என் கணினியிலிருந்து நேரடியாகப் படம் அனுப்ப வேண்டும். கதைப்பதற்குச் சாதாரண போன் இருந்தது. பெட்டி மூடுவதற்குள் தாயின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. மூன்று மணிக்குக் கோயிலில் பூசை. ஃபாதர் வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

படம் போகவில்லை.

"அண்ணை, சத்தம்தான் கேக்குது. படம் கறுப்பு," என்றான் றெனால்ட். அவன் தங்கை டிலோஜினி போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு என் பக்கத்தில் பிடித்திருந்தாள்.

"என்ன போனில பாக்கிறாய்?"

"என்ர போன் கொங்கிறீற்றுக்குள்ள விழுந்திட்டுது. இது ரூமில ஒருத்தரின்ர பழைய போன்."

இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் அனுப்பியது கலியாணவீட்டுக்கு அனுப்புகிற பெரிய படம். ஹை புரொஃபைல், லெவல் ஐந்துக்கு மேல். புரொஃபைல் என்பது படத்தைச் சுருக்குகிற வித்தை. லெவல் என்பது அதை விரிக்கிற போன் தாங்கக்கூடிய சுமை. அந்தக் கிழட்டுப் போனுக்கு இரண்டும் எட்டாது. குருவி தலையில் பனங்காய்.

அக்காவின் தம்பி வின்சன்ட் என் முதுகுக்குப் பின்னால் நின்று நச்சரித்தார். "தம்பி, லைற்றைக் கூட்டிப் பாருமன்."

"லைற்றுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை அண்ணை. கொஞ்சம் அங்கால நில்லுங்கோ."

மெயின் புரொஃபைலுக்கு இறக்கினேன். கறுப்பு. படத்தின் அளவைப் பாதியாக்கினேன். கொஞ்சம் ஓடி நின்றுபோனது. ஃபாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். கடைசியில் அடிமட்டத்துக்கே போனேன்: பேஸ்லைன் புரொஃபைல், லெவல் மூன்று. சிக்னலும் மோசம் என்பதால் அனுப்பும் தரவையும் வெட்டிக் குறைத்தேன். முகம் தெரிந்தால் போதும் என்று கமராவை நெருக்கினேன்.

"தெரியுது," என்றான். "அம்மா தெரியுறா அண்ணை."

டிலோஜினி விம்மினாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. ஃபாதர் எழுந்து செபத்தைத் தொடங்கினார். நாலு பேர் மூடியைத் தூக்கினார்கள்.

"மூடாதேங்கோ!" போன் அலறியது. "அம்மா மூச்சு விடுறா! ஐயோ, மூடாதேங்கோ!"

ஒப்பாரி நின்றது. டிலோஜினி போனை என் மேசையில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தாயின் மூக்கடியில் புறங்கையை வைத்தாள். கெடாமலிருக்க மருந்தேற்றிய உடம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். நெடுநேரம் வைத்திருந்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

நான் அனுப்பிக்கொண்டிருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். அவன் சொன்னது பொய் இல்லை. இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் முழுப் படம் போகிறது. இடையில் மாறியது மட்டும் போகும். தரவு போதாததால் இடையில் முகமும் சட்டைக் கழுத்தின் லேஸ் பின்னலும் மங்கி அமர்ந்தன. அடுத்த முழுப் படம் வந்ததும் துலங்கி எழும்பின. அமர்வதும் எழும்புவதுமாக இருந்தது. மகனாக இருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

"றெனால்ட், அது மூச்சில்லையடா. என்ர செற்றிங்."

"நான் கண்ணால பாக்கிறன். டொக்டரைக் கூப்பிடுங்கோ அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன்."

"டிலோஜினி கை வச்சுப் பாத்திட்டாள்."

"அவளுக்கு என்ன தெரியும்? இந்தா, இப்பவும் விடுறா!"

ஃபாதர் என் தோளைத் தொட்டார். "அதை நிப்பாட்ட ஏலுமோ?"

ஏலும். முழுப் படங்களுக்கு இடையிலான நேரத்தை நீட்டிவிட்டால் முகம் அசையாது. ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. எத்தனையோ பிரேதம் பிடித்தவன் நான். அன்று அந்த எண்ணை இரண்டு தரம் பிழையாக அடித்துவிட்டுத்தான் சரியாக மாற்றினேன்.

"தெளிவாக்கித் தாறன், திரும்பத் திற," என்றேன். அவன் நம்பித் திறந்தான். முகம் வந்தது. அசையாமல் கிடந்தது.

"மூச்சு நிண்டிட்டுது," என்றான் றெனால்ட். பிறகு மெல்லக் கேட்டான்: "அண்ணை, அம்மாவை இப்ப என்ன செய்தனீங்கள்?"