கடவுளுக்கே வெளிச்சம் என்று எழுதிய டாக்டர்

1

இந்தக் கதையை நான் திருடினேன். டெக்சாஸில் எங்கள் சின்ன ஊர் வக்கீல் வெண்டலுக்குத் தட்டச்சு செய்துகொடுப்பது என் வேலை. அங்கே கிடைத்தது.

நான் முதலில் எழுதிய வரி: “வெர்னா பாடுவதை நிறுத்திய அன்று வானம் கறுத்து...”

வானத்துக்கு இதில் என்ன வேலை? அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் கிளேட்டன், வயிற்றுக்குள் ஒரு பஞ்சுத் துணியை மறந்து வைத்துத் தைத்துவிட்டார். வேறு ஊரில் போய் எடுத்தார்கள். அதற்குப் பிறகு வெர்னாவால் மூச்சுப் பிடித்துப் பாட முடியவில்லை. அவர் பாடிவந்த தேவாலயப் பாடகர் குழுவில் கிளேட்டன் இன்னும் முன்வரிசை. ஞாயிறுதோறும் நலம் விசாரிப்பார். மன்னிப்பு மட்டும் வாயில் வராது. வெண்டல் மூலம் வெர்னா வழக்குப் போட்டார்.

2

துணி கண்ணெதிரே கிடந்தாலும் எங்கள் சட்டத்துக்குப் போதாது. கெடுவுக்குள் இன்னொரு அறுவை மருத்துவர் எழுதித் தரவேண்டும்: என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யவில்லை, அதனால் கேடு எப்படி வந்தது. இல்லையென்றால் வழக்கு குப்பைக்கு. எதிர்வக்கீலின் கூலியும் வெர்னா தலையில்.

(உள்ளூர் டாக்டர்களைக் கேட்கவில்லையா? கேட்டோம். எல்லோரும் சேர்ந்து மான் வேட்டைக்கு ஒரே காட்டைக் குத்தகை எடுத்தவர்கள். துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி யார் எழுதித் தருவார்?)

3

பக்கத்து மாவட்டத்து டாக்டர் டிட்வெல் சம்மதித்தார். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகாது. அவர் அறிக்கை:

“கிளேட்டன் தங்கமான மனிதர். தைக்கும் முன் துணிகளை எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை போலும். என் தாயாரையே அவரிடம் ஒப்படைப்பேன். வெர்னாவின் வலி எதனால் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.”

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. பாராட்டாமல் ஒருவரையும் குறை சொல்லமாட்டோம்.

“இது அறிக்கையா, கல்யாண வாழ்த்தாய்யா?” என்று வெண்டல் தலையில் அடித்துக்கொண்டார். நீதிபதி சிரித்துவிட்டு, கேடு எப்படி வந்தது என்பதையும் எழுதித் திருத்தித் தர ஒரே ஒரு தவணை கொடுத்தார்.

4

வெண்டல் தடுத்தும் கேளாமல் வெர்னா டிட்வெல் வீட்டுக்கே போய்விட்டார், பீச் பழக் கேக்கோடு. (அது லஞ்சமா என்று வெண்டலைக் கேட்டேன். காதைப் பொத்திக்கொண்டார்.)

“எதுக்கும்மா இந்தச் சிரமம்?”

“தின்னுக்கிட்டே சொல்லுங்க டாக்டர். துணி உள்ளயே கெடந்தா என்ன ஆகும்?”

“சீழ் வைக்கும். உள்ள சதை ஒட்டிக்கும். மூச்ச இழுத்தா வலிக்கும்.”

“இவ்வளவு தெரியுதே! அத ஏன் எழுதல?”

“கிளேட்டன் நல்ல மனுஷம்மா...”

“நல்ல மனுஷந்தான். அவரு பக்கத்துல நின்னுதானே பாடுனேன். கடவுளுக்கே வெளிச்சம்னு எழுதிட்டீங்க. கடவுள் கோர்ட்டுக்கு வரமாட்டாரு டாக்டர். நீங்கதான் வரணும்.”

டிட்வெல் கேக்கை நகர்த்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

5

கதைக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். கிளேட்டன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறார்: நானே நம்பவில்லை. வழக்கு தள்ளுபடி: நம்புகிறேன், எழுத மனசு வரவில்லை.

டிட்வெல் பாதியில் நிறுத்திய வரி இது:

“துணி உள்ளே கிடந்ததால், வெர்னாவால்...”

நீதிபதி கொடுத்த கெடு நாளையோடு முடிகிறது. வாசகரே, மீதியை நீங்கள் எழுதுங்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒன்றே ஒன்று: கிளேட்டனைப் பாராட்டாதீர்கள்.