மாங்குழிவிளைக்கு வந்த உறக்கம்

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் குளச்சல் கடற்கரையில் இறங்கிய நாற்பது பேருக்கும் உறக்கம் கிடையாது. காய்ச்சலிலோ கவலையிலோ வராமல் போன உறக்கம் அல்ல. சிலருக்குப் பல் இல்லை, சிலருக்குக் கை இல்லை என்பதைப்போல இவர்களுக்கு உறக்கம் இல்லை. மேற்கே பல கடல்கள் தாண்டி இருந்த அவர்களுடைய துறைமுகப் பட்டினத்தை, ஊர் உறங்கிக் கிடந்த நேரம் பார்த்து நான்கு பக்கமும் தீ வைத்திருக்கிறார்கள். எழுந்து ஓடியவர்கள் வீட்டை விட்டார்கள், பெட்டியை விட்டார்கள், உறக்கத்தையும் படுக்கையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அவர்களை ஏற்றிய கப்பலை எந்தத் துறைமுகமும் ஏற்கவில்லை. பெரிய துறைமுகங்கள் இடமில்லை என்றன. பணக்காரத் துறைமுகங்கள் நோய் வரும் என்றன. கடைசியில் கப்பல்காரன் குளச்சலில் குடிதண்ணீர் பிடிக்க நிறுத்தினான். இவர்களை வள்ளங்களில் ஏற்றிக் கரையில் விட்டு, திரும்பி வருவதாகச் சைகை காட்டிப் போனான். அவன் வரவில்லை.

குளச்சலிலிருந்து நெய்யூருக்குப் போகும் வழியில் உள்ள மாங்குழிவிளையில் சபைக்குச் சொந்தமான ஓலைக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்ததால் அவர்களை அங்கே கொண்டுவந்தார்கள். மாங்குழிவிளைக்காரர்கள் பனையேறிகள். அக்கானி என்னும் பதநீர் இறங்கும் மாதங்களில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். மற்ற மாதங்களில் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று அடுத்த பருவத்துக்குக் காத்திருப்பார்கள். உபதேசியார் யேசுரத்தினம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வந்தவர்களுக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்று கேட்டார். பனையேறி தங்கையனின் மனைவி ஜெபகனி எழுந்து வீட்டுக்குப் போய்க் கஞ்சிப் பானையில் இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி வேலி வழியாக அதைப் பார்த்துவிட்டுத் தன் பானையிலும் ஊற்றினாள். அன்று மாலைக்குள் மாங்குழிவிளையின் கஞ்சி முழுவதும் தண்ணீராகிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் இருந்தது.

அவர்கள் உறங்குவதில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவளும் ஜெபகனிதான். அவர்களில் அனூஷ் என்றொரு இளம்பெண் இருந்தாள். அந்தப் பெயர் நாக்கில் நிற்காமல் ஊர் அவளை அன்னாள் என்றது. அவளுடைய கைக்குழந்தை அழுவதே இல்லை. விழித்த கண்ணால் கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கும். எத்தனை பால் கொடுத்தும் வளரவில்லை. ஒருநாள் மத்தியானம் ஜெபகனி அதை வாங்கித் தன் மார்பில் சாய்த்து, "எனக்க ஒறக்கத்துல கொஞ்சம் எடுத்துக்கிடு மக்கா" என்றாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்து இரண்டு போயிருந்தன. குழந்தையோடு அப்படிப் பேசுவது அவளுக்குப் பழக்கம். குழந்தை கொட்டாவி விட்டது. பிறகு கண்ணை மூடியது. அன்னாள் வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். குழந்தை மறுநாள் விடியும் வரை உறங்கியது. ஜெபகனிக்கு அன்று இரவு ஒரு பொட்டு உறக்கம் வரவில்லை.

இதற்குப் பிறகு முறைகள் தெளிவாயின. உறக்கத்தைக் கொடுக்கலாம். கொடுத்தவர் அந்த நேரம் விழித்திருக்க வேண்டும். தொடத் தேவையில்லை, முகம் தெரிந்தால் போதும். உபதேசியார் ஊரைக் கூட்டிச் சொன்னார். ஆளுக்குப் பாதி உறக்கம் கொடுப்பது என்று முடிவாயிற்று. வயல்காட்டு வள்ளிநாயகம் பிள்ளை முதலில் நெல் மட்டும் அனுப்பினார். பிறகு ஒருநாள் குளத்தங்கரையில் நின்றபடி, "ஓய் உபதேசியாரே, நம்ம மத்தியான உறக்கம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. அதையும் எடுத்துக்கிடும்" என்று சத்தம் கொடுத்தார். கொட்டகைக்குள் வர அவருடைய ஆசாரம் இடம் தராது. உறக்கத்துக்கு அந்தத் தடை இருக்கவில்லை. அந்த உறக்கத்தைப் பெற்ற கிழவர் குறட்டை விட்டு உறங்கி, எழுந்ததும் பிள்ளை வீட்டு மோர்க்குழம்பான புளிசேரி கேட்டார்.

உறக்கத்தோடு கனவும் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. பனையேறியின் உறக்கம் கிடைத்தவர்கள் தரையில் படுத்துக்கொண்டே எதையோ இறுக்கிக் கட்டிப்பிடித்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் நாற்பது பேரும் தமிழ் பேசத் தொடங்கினார்கள், அதுவும் மாங்குழிவிளையின் ராகத்தோடு. மூன்றாம் மாதம் அன்னாள் ஜெபகனியின் அடுப்பங்கரைக்கு வந்து, "எக்கா, நான் இஞ்ச இருக்கட்டா?" என்று கேட்டபோது ஜெபகனி அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். விழித்திருந்தவர்களுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. கண்ணை மூடினால் இமைக்குள் ஒரு கடற்கரைப் பட்டினம் எரிந்தது. கல்வீடுகள், மணிக்கூண்டு, தண்ணீரில் நிற்கும் கூட்டம், பின்னால் சுவர்போல நெருப்பு. குளச்சலுக்கு அப்பால் ஓர் ஊரையும் பார்த்திராத ஜெபகனிக்கு அந்தப் பட்டினத்தின் தெருக்கள் எல்லாம் தெரிந்துவிட்டன. அன்னாளின் வீட்டு வாசல் கதவு நீல நிறம் என்பதை அவளிடம் கேட்காமலே அறிந்திருந்தாள்.

முதல் கிறிஸ்துமஸுக்குச் சீமையிலிருந்து பொதிகள் வந்தன. அங்கே ஒரு குளிர்ந்த ஆலை நகரத்துச் சபையார் சேர்த்து அனுப்பியவை. கனத்த கம்பளிக் கோட்டுகள், மயிர் வைத்த தொப்பிகள், டின் பால். கப்பலில் வந்தவர்களுக்கு மட்டும் என்று ஒவ்வொரு பொதியிலும் எழுதியிருந்தது. கஞ்சியில் தண்ணீர் ஊற்றியவர்கள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பொதிகளில் உறக்கம் எதுவும் இல்லை.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. மாங்குழிவிளை மெலிந்தது. கிண்டுகிறவர்களுக்குக் கண் சொருகிக் கருப்பட்டிப் பாகு கருகியது. வாத்தியார் கரும்பலகையில் நெற்றியை முட்டி நின்றார். குழந்தைகள் மத்தியான வெயிலில் காரணமில்லாமல் அழுதார்கள். ஆயிரத்து நூறாம் ஆண்டு பங்குனியில் தங்கையன் பனையிலிருந்து விழுந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் காலைச் சேர்த்துக் கட்டினார்கள். ஆனால் இனிப் பனையேற முடியாது என்று ஆயிற்று. கட்டிலில் கிடந்தபடி அவர் மனைவியைப் பார்த்து, "ஏட்டி, நான் வழுக்கி விழல்ல. பனைக்க மண்டையில வச்சு ஒறங்கிப் போனேன். அவ்வளவுதான்" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் ஜெபகனி தாங்கியிருப்பாள்.

அந்த வாரம் சபை முற்றத்தில் ராஜையன் என்ற பனையேறி எழுந்து நின்றான். "வந்தவிய ஒறங்கட்டும், செரி. அதுக்கு நம்ம ஆளுவ ஒவ்வொருத்தனா விழுந்து சாவணுமா? சீமைக்காரன் கோட்டு அனுப்புதான். கோட்டு என்னத்துக்கு? ஒறக்கத்த அனுப்பச் சொல்லும்!" அவன் சொன்னது தவறு என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. ஜெபகனியும் நினைக்கவில்லை. முதன்முதலில் உறக்கம் கொடுத்துத் தொடங்கிவைத்த தன் கைதான் புருஷனைத் தள்ளிவிட்டதோ என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கொட்டகை காலியாக இருந்தது. நாற்பது பேரும் மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். ஜெபகனி ஓடிப்போய் அன்னாளை வழியில் மறித்தாள்.

"எங்க போறிய? கடலுக்குள்ளயா?"

"எக்கா, அண்ணனுக்க கால் எங்களாலதான் ஒடிஞ்சுது. எங்களுக்கு ஒறக்கம் இல்லாம இருந்து பழக்கம் உண்டு. உங்களுக்குப் பழக்கம் இல்ல."

ஜெபகனி வழியை விடவில்லை. "கால் பனையில இருந்து ஒடிஞ்சுது. நீ ஒடிக்கல்ல. நான் உனக்க ஊர் எரியுதத இந்தக் கண்ணால தெனமும் பாக்குதேன். அதப் பாத்த பொறவு உன்ன கடலுக்கு விட்டுட்டு நான் எப்பிடி ஒறங்க? வீட்டுக்கு நட." குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். குழந்தை போன வழியே தாயும், தாய் போன வழியே மற்றவர்களும் திரும்பினார்கள்.

அந்தச் சித்திரையில் சீமைச் சபையார் அனுப்பிய மிசியம்மா ஒருத்தி படப்பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அனுப்பிய கோட்டுகளை அகதிகள் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் ஒரு படம் வேண்டும் என்பது அங்கிருந்து வந்த உத்தரவு. அவளுக்கு ஓரளவு தமிழ் தெரியும். வேறென்ன வேண்டும் என்று கேட்டாள். உறக்கம் வேண்டும் என்றாள் ஜெபகனி. மிசியம்மா சிரிக்கவில்லை. கொட்டகையில் தங்கி ஒரு வாரம் பார்த்தாள். பிறகு ஒருநாள் தன் உறக்கத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு விடியும்வரை முற்றத்தில் நடந்தாள். நீலக் கதவுள்ள வீட்டை அவளும் பார்த்துவிட்டாள் என்பது காலையில் முகத்திலேயே தெரிந்தது.

படம் எடுக்கும் நாளில் அன்னாள் தன் கோட்டைக் கழற்றி ஜெபகனியின் தோளில் போட்டாள். "இவிய நிக்காத படத்துல நான் நிக்கமாட்டேன்" என்றாள். கிழவர் தன் தொப்பியைத் தங்கையனின் தலையில் வைத்தார். ஒருவர் தொடங்க, எல்லோரும் தொடங்கினார்கள். ஒரு கோட்டை ஒருவரும் தொப்பியை இன்னொருவரும் போட்டுக்கொண்டு, ஒருவன் வலது சட்டைக்கையிலும் அடுத்தவன் இடது சட்டைக்கையிலும் நுழைந்துகொண்டு, சித்திரை வெயிலில் மாங்குழிவிளை முழுவதும் வேர்வை ஒழுகப் பலாமரத்தின் கீழ் நின்றது. மிசியம்மா உத்தரவை நினைத்து ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். வேடிக்கை பார்க்கக் குளத்தங்கரையில் நின்ற வள்ளிநாயகம் பிள்ளையும் மூலையில் ஒரு புள்ளியாக விழுந்துவிட்டார்.

மிசியம்மா படத்தோடு சீமைக்குத் திரும்பினாள்; அங்கே நடந்ததைப் பிற்பாடு வந்து சொன்னாள். ஆலையில் நெசவு ஓட்டும் பெண்கள் வேலை விட்ட கையோடு சபை மண்டபத்துக்கு வந்து, உறக்கத்தின் கதையைக் கேட்டு, படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் பணக்காரர்கள் அல்ல. இதில் கப்பலில் வந்தவர்கள் யார், சோறு போட்டவர்கள் யார் என்று ஒருத்தி கேட்டாள். "எனக்கும் இப்போது தெரியவில்லை" என்றாள் மிசியம்மா. அப்படியானால் எல்லோருக்கும் உறக்கம் கொடுத்துவிடுவோம், நம்மில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றாள் அந்தப் பெண்.

ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, அங்கே நள்ளிரவு தாண்டிய நேரம், உறக்கம் மாங்குழிவிளைக்கு வந்தது. ஜெபகனி முற்றத்தில் கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முறத்தின் மேல் தலை சாய்த்தாள். தங்கையன் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அதன் அருகிலேயே உறங்கினார். உபதேசியார் சபை வாசலில், ராஜையன் வேலியோரம், வாத்தியாரும் பிள்ளைகளும் பெஞ்சுகளில், அன்னாள் கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி. ஒருவரும் விழவில்லை, எல்லோரையும் யாரோ தாங்கிக் கிடத்தியதுபோல் இருந்தது. வள்ளிநாயகம் பிள்ளை வரப்பில் உட்கார்ந்து, புள்ளி அளவு, கால் மணி நேரம் உறங்கி எழுந்தார்.

குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் செல்லக்கனி அப்போதுதான் ஊருக்குள் நுழைந்தாள். அவள் படத்தில் இல்லை. முதல் வீட்டைப் பார்த்துக் கத்த வாய் திறந்தாள், கத்தவில்லை. நிறைய சாவுகளைப் பார்த்தவள் அவள். இது சாவு இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு மூச்சு நேரம் போதுமாக இருந்தது. ஊர் முழுவதும் ஒரே சீராக மூச்சு விட்டது. ஏறி இறங்கும் அந்தச் சத்தம் அமைதியான நாளில் கடல் கேட்பதைப்போலக் கேட்டது. இவர்களுடைய முகங்களில் இப்படி ஒரு தெளிவை அவள் ஆண்டுக்கணக்கில் பார்த்ததில்லை. தலைச்சுமையை இறக்கினாள். வீடு வீடாகப் போய் எரிந்துகொண்டிருந்த அடுப்புகளை அணைத்தாள், வெயில் ஏறிய குழந்தைகளை நிழலுக்கு இழுத்துப்போட்டாள். பிறகு முற்றத்தின் நடுவில் நின்று, சேலைத் தலைப்பை வீசி, சத்தம் போடாமல் காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மீன் அன்று முழுவதும் கெட்டது. கேட்டவர்களிடம் எல்லாம், நல்ல நாள் என்றாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு ஜெபகனி எழுந்தாள். கண்ட கனவு இமைக்குள் இன்னும் நின்றது: பார்த்தேயிராத வெள்ளைப் பஞ்சு வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது, செங்கல் புகைக்கூண்டுகள் நின்றன, ஒரு பெண் தன் குழந்தையை ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் கைநரம்புகள் ஜெபகனிக்குத் தன் கையைப்போலவே தெரிந்தன. அவள் பொங்கி அழுதாள். துக்கமல்ல, அழுவதற்கும் இப்போது உடம்பில் இடம் இருந்தது.

அதற்குப் பிறகு உறக்கம் தவறாமல் வந்தது. கப்பலில் வந்தவர்களில் பாதிப் பேர் வேறு நாடுகளில் உறவினரைத் தேடிப் போனார்கள். அன்னாளும் மற்றவர்களும் தங்கினார்கள். ராஜையன் தினமும் பனையேறினான், ஒருமுறையும் விழவில்லை. ஆயிரத்து நூற்றாறாம் ஆண்டில் வரத்து நின்றது. சீமையில் ஆலைகளை மூடிவிட்டார்கள், வேலை போன வீடுகளில் யாருக்கும் கண் அடைப்பதில்லை என்று மிசியம்மா வந்து சொன்னாள். அந்தப் பெண்களின் படம் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். அதைச் சபைச் சுவரில் மாட்டினார்கள். மாங்குழிவிளைக்காரர்களும் கப்பலில் வந்து தங்கியவர்களும் அன்றிலிருந்து மத்தியான உறக்கத்தை அங்கே அனுப்பினார்கள். அங்கே குளிர்காலக் காலைகளில் பெண்கள் அக்கானி வாசம் அடிக்கும் கனவு கண்டார்கள். ஆலைகள் திறந்த பிறகு இரண்டு பக்கமும் போக்குவரத்து இருந்தது.

ஆயிரத்து நூற்றுப்பத்தாம் ஆண்டு ஒரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். சமஸ்தானம் முழுவதும் பத்து மணிக்கு நடக்கும் முதல் பாடம் இங்கே மட்டும் ஏன் பன்னிரண்டுக்கு என்று கேட்டார். வாத்தியார் காரணத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையசைத்துக்கொண்டு சபைச் சுவரில் இருந்த படத்தை நீண்ட நேரம் பார்த்தார். போகும்போது வண்டியில் ஏறப்போனவர் இறங்கி, முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஜெபகனியிடம் வந்தார். மகன் இறந்த நாளிலிருந்து தன் மனைவி கண்ணை மூடியதில்லை என்று மெதுவாகச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து அவளுடைய சிறிய படம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

ஜெபகனி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மைக்கு ஒறங்க எந்நேரம் தோது?" என்று கேட்டாள்.