ஓடைக்கு அந்தப் பக்கம்

ஆம்ப்ரோஸ் ஹெப்டனுக்கு அந்த வசந்தம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. எழுபத்து நாலாம் வருடம், ஏப்ரல். லண்டனில் உட்கார்ந்து யாரோ மாவட்டங்களைக் கலைத்துப் போட்டதில், ஓடையோரத்து அவர் வீடு வெல்பியிலிருந்து கழன்று பக்கத்துக் கிராமமான கார்டனோடு போய்ச் சேர்ந்துவிட்டது. வரியை யாருக்குக் கட்டினால் என்ன, குப்பையை யார் அள்ளினால் என்ன? அவருடைய கவலை வேறு. மனைவி எட்னாவை வெல்பி கல்லறைத் தோட்டத்தில் புதைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் அங்கே இடம். அவள் பக்கத்தில் தனக்கென்று நினைத்திருந்த இடம் போய்விடுமோ?

"யோவ், சர்க்கார் எல்லை வேற, சர்ச் எல்லை வேற. சர்ச் எல்லையை எவனும் தொடல. சும்மா கெடய்யா" என்றான் மதுக்கடை செட்ரிக்.

சும்மா கிடக்கிற ஜென்மமா அது! பாதிரியார் லவுதரிடம் போய் நின்றார்.

"எல்லை நடை வையுங்க ஐயா. என் வீடு வெல்பிதான்னு ஊரே பாக்கட்டும்."

"பழசை எதுக்குக் கிளறணும் ஆம்ப்ரோஸ்?" என்று பாதிரியார் நழுவப் பார்த்தார். இவர் விடவில்லை.

மே மாதம் ஊரே கையில் வில்லோ மரக் குச்சியோடு கிளம்பியது. எல்லைக் கல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் குச்சியால் அடித்து, ஜெபம் சொல்லி, அடுத்த கல்லுக்கு நடக்கிற பழைய வழக்கம். ஆம்ப்ரோஸ்தான் முன்னால் போனார். கடைசிக் கல் தன் வீட்டுக்குப் பின்னால் இருப்பதாக அவர் நினைப்பு. அங்கே ஒன்றையும் காணோம். ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வெல்பிக் கரையில், முட்செடியை விலக்கியபோது கல் தலைகாட்டியது. அவர் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். அது ஒரு நாளும் வெல்பி சர்ச்சைச் சேர்ந்ததே இல்லை. எட்னாவைப் புதைத்தபோது அதை யாரும் கேட்கவில்லை.

"அடப்பாவி, வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல" என்று செட்ரிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க" என்றார் பாதிரியார். "வெளியூர்க்காரங்களுக்கும் நான் அனுமதி தரலாம். ஒரு வார்த்தை கேட்டாப் போதும். எல்லைக்குள்ள உயிர் போனவங்களுக்கு அதுவும் வேண்டாம், தானாவே உரிமை உண்டு."

"எம்பொண்டாட்டி பக்கத்துல படுக்க நான் கேக்கணுமா?"

அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து லேசாக இருமல் வந்தாலும் கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து, வெல்பிக் கரையில் இருந்த செட்ரிக் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வார். சரியானதும் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார். ஊர் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அக்டோபரில் ஒரு காலை நெஞ்சை அடைத்தது. பக்கத்திலேயே இருந்த தொலைபேசியைத் தொடாமல் பாலத்தைக் கடந்தவர், கடை வாசலில் விழுந்தார். செட்ரிக் ஆம்புலன்ஸை வரவழைத்தான். மருத்துவமனை நகரத்தில், எல்லைக்கு வெகு தூரத்தில். ஆம்ப்ரோஸ் கதவுத் தூணை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாதிரியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அனுமதி தந்தாச்சுய்யா! ஏறுங்க!"

"நான் கேக்கலியே."

"கேக்கவே வேணாம்!"

"உங்க தயவுல வேணாம். இங்கயே விடுங்க."

செட்ரிக் அழுதுகொண்டே அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.