வெட்டாத பக்கங்கள்

"அந்தக் கம்பவுண்டர்தான்னு நான் சொல்லிக்கினே இருக்கேன், நீ பாட்டுக்கு..."

"மொதல்ல படிக்க வுடுங்க. இன்னும் சமையக்காரனையே விசாரிச்சு..."

"சமையக்காரன், தோட்டக்காரன், குதிரைக்காரன்னு ஒவ்வொருத்தனா எதுக்கு? கங்கணத்த எடுத்தவன் கம்பவுண்டர் வரதன். மூடி வச்சிட்டு டீ போடு."

"எழுதனவரே இன்னும் வாயத் தொறக்கல, நீங்க சொல்லிப்புட்டீங்களா?"

கண்புரை அறுவை முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார் மாது. கொஞ்ச நாளைக்கு எழுத்தையே பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் மத்தியான வேளைகளில் அவர் மனைவி பானுமதி வாய்விட்டுப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பென்னாகரத்தில் மாதுவின் பெரியப்பா வீட்டை இடித்தபோது பரணிலிருந்து இறங்கிய தகரப் பெட்டியில் கிடைத்த துப்பறியும் நாவல்கள் அவை. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில், முப்பதாம் வருஷத்தையொட்டி அச்சானவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். இப்போது கையில் இருந்தது 'வெண்கலப் பூட்டு அல்லது காணாமற்போன கங்கணம்'. அந்தக் காலத்தில் ரயிலடியில் அடித்துப் பிடித்து வாங்கியிருப்பார்கள் போல. இன்றைக்கு நூலகத்தில் விசாரித்தால் பெயர்கூட ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய பேப்பர்காரரே, தொட்டால் உதிர்கிறது என்று விட்டுவிட்டுப் போய்விட்டார்.

பானுமதிக்கு அந்த நடை பிடித்துப் போயிற்று. "'அடே பாதகா! நில் அங்கே!' என்று துப்பறியும் திவாகரம் பிள்ளை கர்ச்சித்தார்" என்று அவள் குரலைக் கனமாக்கிப் படித்தால் மாது கட்டில் அதிரச் சிரிப்பார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"முடிவு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"பெரியப்பா வூட்ல தங்கித்தான பள்ளிக்கூடம் போனீங்க. அப்ப படிச்சிருக்கீங்க."

"அந்தப் பெட்டிய அவரு யாரையும் தொட வுட்டதில்ல. பூட்டித்தான் கெடக்கும்."

"திருட்டுத்தனமா எடுத்துப் படிச்சிருப்பீங்க. படிச்சது மறந்து போச்சு, முடிவு மட்டும் நெனப்புல நிக்குது."

மாதுவின் முகம் சுருங்கியது. "படிச்சிருந்தா படிச்சேன்னு சொல்ல மாட்டனா? நீயும் தேவி மாதிரியே பேச ஆரம்பிச்சிட்ட."

எழுந்து, செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு வாசல் கேட் பக்கம் போய்விட்டார்.

தேவிப்பிரியா ஓசூரில் இருக்கும் மகள். ஒரே பேச்சாகப் பேசுகிறாள்: "வூட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கூட வந்துடுங்கம்மா. அப்பாவ இனிமே தனியா வுட முடியாது." அவள் சொல்வதிலும் தப்பில்லை. சித்தேரி மலைக்கு வருஷக்கணக்கில் பஸ் ஓட்டிய மனுஷன், போன மாதம் பாலக்கோடு போகக் கிளம்பி பென்னாகரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தெரிந்த கண்டக்டர் கையோடு கூட்டி வந்து விட்டான்.

அப்புறம்தான் மறதிக்கென்று டாக்டரிடம் போனார்கள். "பழசெல்லாம் கெட்டியா நிக்கும்மா. நேத்து, முந்தாநேத்து நடந்ததுதான் கழண்டுக்கினே போகும். அதப் பாத்துக்கினு வாங்க. திங்கக்கிழம டெஸ்ட் எடுத்துடலாம்" என்றார் அவர்.

அன்றிலிருந்து பானுமதி பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். பள்ளிக்கூட வயதில் படித்த கதையின் முடிவு பளிச்சென்று நிற்கிறது, படித்ததே மறந்து போயிருக்கிறது. டாக்டர் சொன்னது இதுதானே. பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் புத்தகத்தையே புரட்டினாள்.

பக்கம் திரும்பவில்லை.

ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நகத்தால் நெருடினாள். ஒட்டவில்லை. மேல் விளிம்பில் தாள் மடிப்பாகவே இருந்தது. அச்சுக்கூடத்தில் பெரிய தாளை மடித்துத் தைத்துவிடுவார்கள், வாங்கியவர்தான் கத்தி வைத்துக் கீறிப் படிக்க வேண்டும். முன்பக்கங்களை எல்லாம் யாரோ பிசிறு பிசிறாகக் கீறியிருந்தார்கள். இதற்கு மேல் கீறவில்லை. கடைசி மூன்று அத்தியாயங்களும் மடிப்போடு அப்படியே மூடிக் கிடந்தன. எத்தனையோ வருஷமாக அதற்குள் ஒரு கண்ணும் பட்டிருக்க வழியில்லை.

பானுமதி சமையலறைக்கு ஓடினாள். காய் நறுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாகக் கீறினாள். தாள் தவிடாக உதிர்ந்து மடியெல்லாம் விழுந்தது. திவாகரம் பிள்ளை ஒட்டுத் தாடியைப் பிய்த்து எறிந்து, "உண்மைக் கள்வன் இதோ!" என்று விரலை நீட்டும் பக்கம் வந்தது. விரலுக்கு நேரே நின்றவன் கம்பவுண்டர் வரதன்.

"ஏங்க." வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏங்க, உள்ள வாங்க."

"என்னா, சமையக்காரன விசாரிச்சு முடிச்சிட்டியா?"

"வரதன்தாங்க."

"அதத்தான நான் அப்பவே..."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? கோவிச்சுக்காம சொல்லுங்க."

மாது கட்டிலில் உட்கார்ந்தார். கேட்டதில் கொஞ்சம் பெருமைதான். "செவ்வாக்கெழம நீ படிச்சியே, குக்கர் விசில் அடிக்குதுன்னு பாதியில எழுந்து போனியே, அதுல என்னா வந்துச்சு? மழையில தல மொதக்கொண்டு கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சு இப்பத்தான் ஊர்லருந்து வரேன்னு சொல்லிக்கினு வந்து நின்னான்ல?"

"ஆமா."

"நேத்துப் படிச்சதுல அதே ராத்திரி, அதே மனுஷன், மடியிலருந்து தீப்பெட்டி எடுத்து ஒரே கிழிப்புல சுருட்டு பத்த வைக்கறான். நனைஞ்ச தீப்பெட்டி எரியுமா? சித்தேரி மழையில எத்தன பெட்டிய இந்தக் கையால கிழிச்சு கிழிச்சுத் தூக்கி எறிஞ்சிருக்கேன். அவன் ஊருக்கும் போவல, மழையிலயும் வரல. வூட்டுக்குள்ளயே இருந்துக்கினு தீப்பெட்டிய ஒதுக்கி வச்சிட்டு, குடத்துத் தண்ணிய மேல ஊத்திக்கினான்."

செவ்வாய்க்கிழமை படித்தது, நேற்றுப் படித்தது, நடுவில் அடித்த குக்கர் விசில்கூட. பானுமதி தலையைக் குனிந்து மடியிலிருந்த தாள்தூளைத் தட்டினாள். குனிந்தபோதுதான் அவர் கால் கண்ணில் பட்டது.

"அது என் செருப்புங்க."

"அப்படியா? கண்ணாடி மேல பழியப் போடு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நேற்றாக இருந்தால் இந்தச் செருப்புக்கே ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாள். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். மாதுவும் காரணம் கேட்காமல் கூடச் சேர்ந்துகொண்டார்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட இந்தப் பொஸ்தகத்தயும் எடுத்துக்கினு போலாங்க."

"அவரு கண்டுபிடிக்கறாரான்னு பாக்கலாம்."

"தேவிக்கு நான் பேசிக்கறேன். எந்த ஊருக்கும் நம்ம போவல."

டீ போட்டு எடுத்து வந்தாள். அவர் டம்ளரை வாங்கி, ஆற்றாமலே ஒரு வாய் குடித்தார். பிறகு புத்தகத்தைத் தடவி எடுத்து, புதிதாகக் கீறிய விளிம்பின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். முன்பக்கத்துப் பழைய பிசிறையும் தொட்டுப் பார்த்தார். அவள் எதற்குப் பயந்து இதைக் கீறினாள் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

"பானு."

"ம்."

"நான் நெசமாவே மறந்து போயிருந்தேன்னு வையி. அப்பவும் கடைசிப் பக்கத்த எனக்குப் படிச்சிக் காட்டியிருப்பியா?"