ஐந்தடி இரண்டங்குல வெள்ளம்

கதவின் கடைசித் திருகைக் கழற்றும்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. டெய்லர் ஒரு பக்கமும் அடுத்த வீட்டு சைக்கிள் கடைக்காரர் மறுபக்கமுமாகப் பிடிக்க, வாசற்கதவு முப்பது வருடங்களில் முதல்முறையாக வெளியே கிளம்பியது.

"ஏங்க, கதவையே தூக்கிட்டுப் போறீங்களே, வீடு திறந்து கிடக்குமே" என்றாள் மனைவி.

"உள்ள உருப்படியா இருந்தது இது ஒண்ணுதான். அதைத்தான் கையோட எடுத்துட்டுப் போறோமே."

நதி கால் நீட்டிப் படுக்கிற இடத்தில் ஊரைக் கட்டிவிட்டு, அது கால் நீட்டும்போதெல்லாம் வாயைப் பிளப்பது அந்த நகரத்தின் பழக்கம். ஒவ்வொரு வெள்ளத்தையும் 'வரலாறு காணாத' என்றே பத்திரிகைகள் எழுதும்; வரலாறு அதைக் கண்டு கண்டு சலித்திருக்கும். டெய்லருக்கு மட்டும் எதையும் அளந்து வைக்காவிட்டால் தூக்கம் வராது. காதில் செருகியிருக்கும் நீலப் பென்சிலால் கதவின் உட்பக்கத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுவார். மகள் பிறந்த வருடம் முழங்கால் அளவு. அவள் பள்ளிக்குப் போன வருடம் தொடை அளவு. அவள் கல்லூரி முடித்த வருடம் இடுப்பளவு. ஆக மூன்று கோடுகள். தண்ணீர் வடிந்ததும், மங்கிய பழைய கோடுகளின் மேல் மறுபடி ஒருமுறை பென்சிலை ஓட்டிவிடுவார்.

சிக்கல் என்னவென்றால், மகளையும் பிறந்தநாள்தோறும் அதே கதவில் நிறுத்தி அதே பென்சிலால்தான் அளந்தார். அதற்கும் கோடு, தேதி. எது மகள், எது வெள்ளம் என்று வீட்டுக்குத் தெரியாதா என்ன?

நகராட்சி அலுவலகத்துக்குத் தெரியவில்லை. நகரத்தின் வெள்ள வரலாற்றைத் தொகுக்க இரண்டு பேர் வந்தபோது டெய்லர் கடையில் இருந்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்த அவசரத்தில் மனைவி, "எல்லாம் கதவுல இருக்கு, பாத்துக்கங்க" என்றாள். பார்த்துக்கொண்டார்கள். அறிக்கை இப்படி வந்தது: இந்தத் தெருவில் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து, கடுங்கோடையில், ஒரே தேதியில் வெள்ளம் வந்துள்ளது. அது ஆண்டுதோறும் இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்து, ஐந்தடி இரண்டங்குலத்தை எட்டியபின், விளங்காத காரணங்களால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. ஆகவே தெரு வசிக்கத் தகுதியற்றது. தொண்ணூறு நாளில் காலி செய்க.

தெருவில் நாற்பது வீடுகள். ஒரு மாதமாக யாரும் டெய்லரிடம் தைக்கக் கொடுக்கவில்லை. ஆட்சேபம் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

அதிகாரி குள்ளமான, சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கும் மனிதர். மேசைமேல் தெருவின் கோப்பு. எதிரே சுவரில் சாய்ந்து கதவு.

"அந்த வெள்ளம் நான்தான் சார்" என்றாள் மகள். பள்ளியில் கணக்கு டீச்சர். அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள்.

"வாய்வார்த்தை செல்லாதும்மா."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவில் முதுகை ஒட்டி நின்றாள். டெய்லர் அவள் தலைமேல் அடிமட்டத்தை வைத்தார். அதிகாரி குனிந்தார், நிமிர்ந்தார்.

"அரை அங்குலம் இடிக்குதே. இவங்க கோட்டுக்கு மேல இருக்காங்க."

டெய்லர் அடிமட்டத்தை மறுபடி வைத்துப் பார்த்தார். முப்பது வருடமாக ஒரு சட்டைகூட அரை அங்குலம் பிசகியதில்லை. நாற்பது வீடு பிசகப் போகிறதா? சைக்கிள் கடைக்காரர், "போச்சு டெய்லர், பொண்ணு இன்னும் வளருது" என்று முணுமுணுத்தார்.

டெய்லர் குனிந்து கதவின் அடியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல இது தரையைத் தொடாது சார். அடியில இடைவெளி விட்டு மாட்டியிருந்தேன்."

"எதுக்கு?"

"தண்ணி எப்படியும் வரும். முட்டி மோதாம மரியாதையா உள்ள வரட்டுமேன்னு."

மேசையிலிருந்த கோப்பை எடுத்து விரலால் கனம் பார்த்தார். "அரை அங்குலம் இருக்கும் சார். கொஞ்சம் தர்றீங்களா?"

நாற்பது வீடுகளைக் காலி செய்ய வேண்டிய கோப்பு கதவுக்கு அடியில் போனது. மகள் மறுபடி நின்றாள். அடிமட்டம் கோட்டின் மேல் தையல் போட்டதுபோல் உட்கார்ந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். கோப்பை உருவி, தூசி தட்டி, பதினாறு வெள்ளங்களையும் ஒவ்வொன்றாக அடித்துக் கையெழுத்திட்டார். அவர்கள் கதவைத் தூக்கப் போனபோது, "ஒரு நிமிஷம்" என்றார். அறை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஷூவைக் கழற்றிவிட்டு வந்து கதவோடு ஒட்டி நின்றார்.

டெய்லர் பென்சிலை எடுத்தார். "குதிகாலைக் கீழ வைங்க சார்."

அதிகாரி இறங்கினார். மகளின் பதினாலாவது பிறந்தநாளுக்கு ஓர் அங்குலம் கீழே கோடு விழுந்தது. பட்ட அடி போதும் என்று டெய்லர் பக்கத்திலேயே எழுதினார்: 'ஆள்.'

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கதவைப் படுக்கவைத்துத் தலைமேல் பிடித்து நடந்தார்கள். "நாளைக்கு ரெண்டு சட்டைத் துணி கொண்டுவரேன் டெய்லர், அளவு மட்டும் கதவுல எடுத்துடாதீங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டெய்லர் அண்ணாந்து பார்த்தார். மூன்று வெள்ளம், பதினாறு பிறந்தநாள், ஓர் அதிகாரி. கதவின் மறுபக்கத்தில் மழை விடாமல் தட்டிக்கொண்டே வந்தது.