யாரும் தோண்டாத பாத்தி

மலாக்காவில், புக்கிட் பெருவாங்கின் அந்தக் குடியிருப்பில், பிள்ளைகள் விளையாடும் பூங்காவுக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவே ஒரு துண்டு நிலம் பல ஆண்டுகள் குப்பைமேடாகக் கிடந்தது. கிழிந்த மெத்தை, உடைந்த நாற்காலி, ஓடாத மின்விசிறி என்று எந்த வீட்டுக்கு எது வேண்டாமோ அது அங்கே போய்ச் சேரும். கொசு பெருகி, வீட்டுக்கு வீடு டிங்கிக் காய்ச்சல் கண்டபோது, பழியை யார்மேல் போடுவது என்று ஊர் கூடிப் பேசியது. குப்பையை எங்கே போடுவது என்று ஒருவன் மட்டும் யோசித்தான். அவன் பெயர் காந்தன், லோரி ஓட்டுநர்.

ஒரு ஞாயிறு காலை, முதலாளியிடம் கேட்டு வாங்கிய லோரியைப் பூங்காவை ஒட்டி நிறுத்திவிட்டு, மனைவி தேவமலரோடு குப்பையை வாரத் தொடங்கினான். நண்பகலுக்குள் எதிர்வீட்டு மலாய்க்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கோடி வீட்டுச் சீனத்து அம்மா பெரிய பாத்திரம் நிறையத் தேநீர் கொண்டுவந்தார். பொழுது சாய்வதற்குள் நிலம் தெரிந்தது. மறு ஆண்டில் அங்கே வெண்டையும் கத்தரியும் காய்த்தன. யார் வேண்டுமானாலும் ஒரு பாத்தியை எடுத்துக்கொள்ளலாம். விளைந்ததில் பாதி பொதுவுக்கு. எவன் என்ன சாதி, எவள் என்ன மொழி என்று கேட்காமல் கைகள் கூடிய இடம் அது. அப்படித்தான் எல்லாரும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொண்டார்கள். தேவமலரும் சொன்னாள்.

சென்ற வைகாசியில், கால்வாய் ஓரத்துக் கடைசிப் பாத்தியில் காந்தன் மஞ்சள் நட்டான். அவன் குழி எடுத்தான். அவள் முளைவிட்ட கிழங்கை வைத்து மண்ணை மூடினாள். பக்கத்துப் பாத்தியில் வெண்டைக்கு எரு வைத்துக்கொண்டிருந்த சின்னத்தம்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“டேய் காந்தா, இவ்ளோ ஆழமா தோண்டுனா மஞ்ச வராதுடா, எண்ணெதான் வரும்லா. பெட்ரோல் கெணறா வெட்டுற?”

“எண்ணெ வந்தா ஒங்களுக்கு ஒரு போத்தல் தர்றேண்ணே. தலையில தேச்சுப் பாருங்க, முடி மொளைக்குதான்னு.”

சின்னத்தம்பி தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “தங்கச்சி, ஒன் புருஷனுக்கு வாயி நீண்டுபோச்சு.”

“வீட்டுல பேச விடுறதில்லண்ணே. அதான் இங்க வந்து நீட்டுறாரு” என்றாள் தேவமலர்.

காந்தன் சிரித்துவிட்டு மண்வெட்டியை ஊன்றி நின்றான். “இந்த வருஷம் பொங்கப் பானைக்கு பசார்ல மஞ்சக்கொத்து வாங்கக்கூடாதுண்ணே. இங்கேருந்துதான். பாதி பானைக்கு, பாதி வெதைக்கு. அந்த வெதைய மறுபடி நடுவோம், அதுலேருந்து மறுபடி எடுப்போம். நிக்கவே நிக்காது.”

ஐப்பசியில் அவன் நின்றுவிட்டான். ஆயர் குரோவில் சுமை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் நெஞ்சு அடைத்திருக்கிறது. பின்னால் வருகிறவன் மோதிவிடக் கூடாதென்று வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கையும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறான். சாகும் நேரத்திலும் ஊரான் உயிரை நினைத்தவனுக்காக ஊர் திரண்டு வந்தது. பாடை தூக்கியது, சமைத்துப் போட்டது, பதினாறாம் நாள் வரை வாசலைவிட்டு அகலவில்லை. அதற்குப் பிறகுதான் அகன்றது.

வேண்டுமென்று அகலவில்லை. சாவு நடந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை. நல்ல காரியத்துக்கு அந்த வீட்டாரை அழைப்பதில்லை. எல்லாரும் அறிந்த வழக்கம். கைபேசியில் பூங்காத் தோட்டத்துக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழு சிறிது சிறிதாக ஊமையாயிற்று. யாருக்குக் கத்தரி நாற்று வேண்டும், யார் வீட்டில் உரம் மிச்சம் என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்த குழுவில், ஒரு காலை வணக்கம்கூட வருவதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவள் மகள் ஷாந்தினி.

“வேற குரூப் தொறந்துட்டாங்கம்மா. ‘பொங்கல் ஏற்பாடு’ன்னு. எல்லாரும் அதுலதான் இருக்காங்க, நம்மளத் தவிர. பொங்கல் பேச்சு ஒங்க கண்ணுல பட்டா மனசு ஒடிஞ்சிருவீங்களாம்.”

அன்பினால் செய்த காரியம்தான் அது. ஆனால் அன்பினால் எழுப்பிய அந்தச் சுவரில் ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேவமலருக்குப் பொங்கல் வேண்டியிருக்கவில்லை. கோலமோ கரும்போ புதுப் புடவையோ அவள் நினைப்பில் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மஞ்சளைத் தன் கையால் தோண்டி எடுத்து, பாதியை விதைக்கு ஒதுக்க வேண்டும். அதைத் திரும்ப நட்டால் அவன் நட்டது முடியாது. ஆண்டுதோறும் மண்ணிலிருந்து அவனுடைய கைவேலை எழுந்து வரும். அவன் சட்டைகளைத் தானம் கொடுத்தாயிற்று. லோரிக்கு வேறு ஓட்டுநர் வந்தாயிற்று. உயிரோடு மிஞ்சியிருந்தது அந்தக் கிழங்கு மட்டுமே.

மார்கழி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மலாக்கா முழுவதும் வானம் அழுக்குத் துணியைப் போலத் தொங்கிற்று. கால்வாயில் தண்ணீர் கரையைத் தொட்டது. மஞ்சள் இலைகள் பழுத்துச் சாய்ந்தன; கிழங்கு முற்றிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. ஒரு காலை, தூறல் சற்று ஓய்ந்த வேளையில் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் நுழைந்தாள்.

வாசலருகே கீரை பறித்துக்கொண்டிருந்தார் இருசம்மாள். அந்தத் தோட்டத்துக்கு அவர்தான் தலைவி. சுங்கை ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். ஆண்டுதோறும் பூங்காவில் எல்லாரும் சேர்ந்து வைக்கும் பொங்கலின் வேலை அவர் சொற்படிதான் நடக்கும். ஆனால் பானை பொங்கும்போது அவர் ஊஞ்சலுக்குப் பின்னால் தள்ளி நின்றுகொள்வார்.

“எங்கம்மா மம்முட்டியோட?”

“மஞ்சளத் தோண்டிரலாம்னுக்கா. எலையெல்லாம் சாஞ்சிருச்சு. தண்ணி வேற நிக்குது, அழுகிரும்.”

இருசம்மாள் அருகே வந்து தம் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தார். “மலரு, அக்கா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. அது பொங்கப் பானைக்குன்னு வச்ச மஞ்ச. நம்ம கை அதுல படக்கூடாதும்மா.”

“நட்டது நான்தானக்கா?”

“நட்டப்ப நீ வேற.”

தேவமலர் மண்வெட்டியைக் கைமாற்றிக்கொண்டாள்.

“நான் இருவது வருஷமா ஓரமா நிக்கிறேனே, ஒரு நாளு பானையத் தொட்டிருப்பேனா? மொத வருஷம் நெஞ்சு எரியும். அப்புறம் பழகிரும்” என்றார் இருசம்மாள். குரலில் கடுமை துளியும் இல்லை. “பொங்க வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். நீ மழையில நனையாத. போம்மா, வீட்டுக்குப் போ.”

தோட்டத்தின் கோடியில் பாத்தி தெரிந்தது. அவளை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. இருசம்மாளின் கை குடையைத்தான் பிடித்திருந்தது. ஒதுங்கிப் போய் இரண்டு கொத்துக் கொத்தியிருந்தால் எவராலும் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அவள் தங்கையின் கலியாணத்தின்போது, கைம்பெண்ணான பெரியம்மா பின்கட்டை விட்டு வெளியே வராமலே மூன்று நாளும் பாத்திரம் தேய்த்தார். தேவமலர் மணவறைக்கும் பின்கட்டுக்கும் எத்தனையோ முறை நடந்தாள்; ஏன் பெரியம்மா இங்கேயே இருக்கிறீர்கள் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. அன்று அவள் கேட்காத கேள்வியை இன்று அவளுக்காகக் கேட்க எவரும் இல்லை. மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

ஷாந்தினி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “என்னம்மா, வெறுங்கையோட வர்றீங்க?”

“நாம தொடக்கூடாதாம்.”

“யாரு சொன்னா? தொட்டா என்ன, மஞ்ச செத்துப்போயிருமா? நீங்க போங்கலா. இல்ல, நான் போறேன்.”

“வேணாம்டி. நீயும் இந்த வீட்டுப் புள்ளதான். அவங்களே தோண்டிருவாங்க. பானைக்கு வேணும்ல? தோண்டுனதும் நமக்குக் கொஞ்சம் வெதைக்குக் கேட்டுக்கலாம்.”

“கேட்டுக்கலாமா? அப்பா நட்டத, நாம கேட்டு வாங்கணுமா?”

தேவமலர் உள்ளே போனாள். அன்றிலிருந்து அடுப்படிச் சன்னலே கதி என்றானாள். சன்னல் வழியே பார்த்தால் பூங்கா தெரியும். கடைசிப் பாத்தி தெரியாது, ஊஞ்சல் மறைக்கும். குடைகள் வருவதையும் போவதையும் பார்த்து, இன்று தோண்டியிருப்பார்கள், இன்று கட்டாயம் தோண்டியிருப்பார்கள் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். முன்பெல்லாம் தெருமுனையிலிருந்தே கேலி பேசிக்கொண்டு வரும் சின்னத்தம்பி, அவள் வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மழை விட்ட பாடில்லை.

போகியன்று வெயில் அடித்தது. பூங்காவில் பெண்கள் செங்கல் அடுக்கி அடுப்புக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னத்தம்பியின் மோட்டார் சைக்கிள் தேவமலரின் வாசலைக் கடந்தது. பின்னிருக்கையில் கரும்புக் கட்டு. அதன்மேல், இலையோடு கூடிய மஞ்சள் கொத்துகள், நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியபடி.

அவள் வெளியே ஓடிவந்தாள். “அண்ணே! அண்ணே, நில்லுங்க. இது எங்க வெளஞ்சது?”

“பசார்ல வாங்குனதும்மா.”

“அப்ப அங்க தோண்டுனது?”

“யாரு தோண்டுனா?” சின்னத்தம்பி காலை ஊன்றி நின்றார். “அது ஒங்க பாத்தியாச்சே, தங்கச்சி. சாவு வீட்டு மஞ்சளப் பானையில கட்ட வேணாம்னு மத்தவங்க சொன்னதும் இருசம்மாக்காவும் சரின்னுருச்சு. காந்தன் கை வச்ச எடம், நாங்க எப்படித் தொடுறது? எனக்கு அந்தப் பக்கம் போகவே மனசு வரலம்மா. நீங்களே எடுத்துக்குவீங்கன்னு விட்டுட்டோம்.”

அவர்கள் தோண்டுவார்கள் என்று இவள் இருந்தாள். தோண்டக் கூடாது என்று அவர்கள் இருந்தார்கள். நடுவில், மார்கழி மழை முப்பது நாளும் அந்த மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. துக்கத்தைத் தொடக் கூடாது என்று எல்லாரும் ஒதுங்கி நிற்க, துக்கத்தில் இருந்தவள் மங்கலத்தைத் தொடக் கூடாது என்று ஒதுக்கப்பட, அந்தப் பாத்தியைத் தொட்டது தண்ணீர் ஒன்றுதான்.

செருப்பும் போடாமல் ஓடினாள். அடுப்புக் கல்லைத் தாண்டினாள். கோலம் போட இழை பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி கையை இழுத்துக்கொண்டாள். கடைசிப் பாத்தியில் முழங்கால் பதிய விழுந்து, கையாலேயே மண்ணைப் பறித்தாள். மண் சேறாக வந்தது. முதல் கிழங்கைப் பிடித்ததும் அது விரல்களுக்கிடையே நசுங்கி ஒழுகியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, வெளித்தோல் மட்டும் கிழங்கின் வடிவத்தில் நின்றது, உள்ளே ஒன்றுமில்லை.

“மலரு, எந்திரிம்மா. இன்னிக்குப் போயி…” என்றபடி வந்த இருசம்மாள், அவள் உள்ளங்கையைப் பார்த்ததும் சொல்லை முடிக்கவில்லை. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிர்ப்பக்கம் மண்டியிட்டுத் தாமும் பறிக்கத் தொடங்கினார்.

“ஒண்ணாச்சும் இருக்கும். ஒரு வெரல் நல்லா இருந்தாப் போதும், மொளைச்சிரும். இரு, இந்த ஓரத்துல பாப்போம். இங்க மேடு.”

மேட்டிலும் பார்த்தார்கள். கால்வாய் ஓரத்திலும் பார்த்தார்கள். வேறு இரண்டு பெண்கள் வந்து குனிந்தார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரர் மண்வெட்டியோடு வந்து பாத்தியை அடியோடு புரட்டிக் கொடுத்தார். பாத்தி முழுவதும் அழுகல் நாற்றம் எழுந்தது. அழுகினாலும் மஞ்சள் நிறம் போகவில்லை. இருபது ஆண்டுகளாகப் பானையைத் தொடாத இருசம்மாளின் கைகள் முழங்கை வரை மஞ்சளாகியிருந்தன. அடுப்புக் கல்லருகே நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஒருத்தியும் தடுக்கவில்லை.

சின்னத்தம்பி தயங்கித் தயங்கி வந்து, பசாரில் வாங்கிய கொத்தில் ஒன்றை நீட்டினார். “தங்கச்சி, இத நட்டுக்கலாம்லா. மஞ்சதானம்மா எல்லாம்.”

“மஞ்சதாண்ணே.” தேவமலர் அதை வாங்கவில்லை. “அவரு நட்டது இல்லியே.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அக்கா, போதும். விடுங்க” என்று அவள் எழுந்தாள். இருசம்மாள் விடவில்லை. தலை நிமிராமல், கேட்காதவரைப் போல, ஏற்கெனவே தேடிய இடத்தையே மறுபடி தேடிக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அப்பால் ஷாந்தினி பிளாஸ்டிக் கூடையோடு ஓடிவந்து நின்றாள். அம்மா பாத்தியை நோக்கி ஓடியதைப் பார்த்ததும், அள்ளிப்போட எடுத்துவந்த கூடை. “எடுத்தாச்சாம்மா? குடுங்க, நான் தூக்கிக்கிறேன்.”

தேவமலர் சேறு ஒழுகும் கைகளை விரித்துக் காட்டினாள்.

“ஒண்ணுகூட இல்லம்மா” என்றாள்.

மகளுக்குக் கூடையைக் கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் தெரியவில்லை. பின்னால், இருசம்மாள் மண்ணைக் கிளறும் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.