வெள்ளைத் துணிக்கு எந்தக் கறை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல. மாத்தளையில் எங்கள் வீட்டுப் பின்வளவில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் முஸம்மில் கெமராவோடு வந்து நின்றார்.

"மபாஸா, சிரி. ரோல்ல கடைசிப் படம்."

"எனக்கு வேல ஈக்கி."

"அந்த மூஞ்சியே போதும்." கிளிக். "வெள்ளைத் துணி, இந்த வெயில். இதுக்கு பைரோவா, கெட்டக்கோலா?"

"வந்து பேசுவோம். தம்புள்ளைச் சந்தையில வெங்காயம் அழுகப் போகுது, போங்க."

கெமராவைத் தோளில் போட்டபடி அவர் போன மோட்டார் சைக்கிள் ஏ ஒன்பது வீதியில் ஏறியதும் எதிரே ஒரு லொறி

(இந்த வசனம் எப்போதும் லொறியோடு நின்றுவிடுகிறது. அவர் இறந்துவிட்டார். அதை அடைப்புக்குள்தான் என்னால் எழுத முடிகிறது.)

2

வாசகருக்கு விளக்கம் வேண்டும். அவர் பிலிமை வீட்டிலேயே கழுவுவார்; கழுவும் மருந்துக்கு டிவலப்பர் என்று பெயர். சாதாரண டிவலப்பர் பிலிமில் வெள்ளியை மட்டும் கறுப்பாக்கும். பைரோ, கெட்டக்கோல் என்ற இவை இரண்டும் கூடவே கறையும் ஏற்றும். வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தில் கறையும் அதிகம். அதனால் வெயிலில் காயும் வெள்ளைத் துணியிலும் மடிப்புகள் படத்தில் தப்பிக்கும். பைரோவின் கறை மஞ்சள்பச்சை, மடிப்புகளைக் கூடுதலாகக் காப்பாற்றும்; கெட்டக்கோலுடையது பழுப்பு, சீராகப் படியும். கையுறை போடுங்கள் என்று சொன்னால், "கைக்குத் தெரியணும்" என்பார். நகங்கள் எப்போதும் பழுப்பு.

(இந்தப் பந்தியை நீளமாக எழுதியிருந்தேன். அடுத்ததுக்குப் போகாமலிருக்கத்தான். வெட்டிவிட்டேன்.)

3

ஜனாஸாவை, அவருடைய உடலை, குளிப்பாட்டிக்கொண்டிருந்த அவருடைய நானா, மூத்தவர் பலீல், ஈரக் கையோடு கதவடிக்கு வந்தார்.

"மபாஸா, அவன்ட விரல்ல எனத்த? சவுக்காரம் போட்டும் போகுதில்ல. பெயின்டா? தண்ணி தோல்ல படாட்டி குளிப்பு சேராதே."

"பெயின்ட் இல்ல மச்சான். படம் கழுவுற மருந்து. கறைதான், மேல படை இல்ல."

"சரியாத் தெரியுமா?"

"மருதோண்டி மாதிரி. தண்ணி உள்ள போகும். தேய்க்க வாணாம், நோ

(நோகும் என்று சொல்ல வந்தேன்.)

பலீல் மச்சான் கையிலிருந்த சவுக்காரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "தேய்க்கல்ல" என்று உள்ளே போனார்.

4

இதை எழுதுவதா என்று இன்னும் தெரியவில்லை. கபன் துணியால் சுற்றி, கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். யன்னல் வெயில் நேராகத் துணியில் விழுந்திருந்தது. ஒரே வெள்ளை. மடிப்பு எதுவும் தெரியவில்லை.

பைரோ, என்று நினைத்தேன்.

அழவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் நினைத்தேன். நல்ல பதில்தான். அதை வாய்விட்டுச் சொல்லியும் இருப்பேன். பலீல் மச்சானின் மனைவி, என் மதினி, என்னைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டார்.

5

முடிவுகள்.

(அ) பைரோ. துணியின் மடிப்புகள் எல்லாம் வரும். நடுவில் என் சிடுமூஞ்சி.

(ஆ) கெட்டக்கோல். கறை சீராகப் படியும். அதே முகம்.

(இ) மருந்தை நான் பிழையாகக் கலக்கிறேன். பிலிம் வெறுமையாக வெளியே

இல்லை. இதை எடுத்துவிடுங்கள்.

இருப்பது ஒரே ரோல், ஒரே தரம்தான் கழுவலாம். என் பதில் கபன் துணியைப் பார்த்து வந்தது. அவர் கேட்டது படுக்கை விரிப்பைப் பற்றி. அதே பதிலை இதற்கும் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அந்தக் கபனைக் கண்ணால் பார்க்காதவர்கள். எது என்று நீங்களே தெரிவு செய்யுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.

பலீல் மச்சான் கொண்டுவந்து தந்த கெமரா அலுமாரியில் இருக்கிறது. தோலுறை கிழிந்திருக்கிறது, லென்ஸ் கண்ணாடி வெடித்திருக்கிறது. பின்மூடி மட்டும் திறக்கவில்லை, ரோல் உள்ளேயே இருக்கிறது. படக் கணக்கு எண் முப்பத்தாறிலேயே நிற்கிறது.